காந்திமதி போட்ட துப்பாக்கிச் சட்டம்

உட்காருங்க தம்பி. அந்தக் கதவுகிட்ட நின்னா சீக்கிரம் கூப்பிடுவாங்கன்னு நினைக்காதீங்க, காலையில இருந்து நானும் நின்னு பார்த்துட்டேன். நீங்க எதுக்கு வந்திருக்கீங்க, பட்டா மாறுதலா? ம். நான் துப்பாக்கி விஷயமா வந்திருக்கேன்.

அட, ஏன் தள்ளி உட்காருறீங்க? துப்பாக்கி இங்க இல்ல. அது எங்க மலையில போலீஸ் ஸ்டேஷன்ல பத்திரமா இருக்கு. நான் வெறுங்கையோடதான் வந்திருக்கேன். உள்ள அதிகாரியைப் பார்க்கப் போயிருக்கிறதும் நான் இல்ல, என் சம்சாரம் காந்திமதி. துப்பாக்கி லைசென்ஸை அவ பேருக்கு மாத்துறதுக்கு விசாரணை. என் துப்பாக்கி தம்பி. எங்க அப்பா வச்சிருந்து எனக்கு வந்த துப்பாக்கி. அதை நான் உயிரோட இருக்கும்போதே அவ பேருக்கு மாத்துறாங்க. அநியாயமா இல்லையா? நீங்களே சொல்லுங்க. இல்ல, முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க.

என் பேரு தவசிலிங்கம். வத்தலக்குண்டுல இருந்து மேல ஏறினா, பாதி மலையில நம்ம தோட்டம். காப்பி, மலைவாழை, பட்டர் பழம் இருக்கு. பன்னியும் இருக்கு. பன்னி நான் போட்டது இல்ல, அதுவா வருது. ஒரு வாழை நட்டா அதுக்கு ஒரு பங்கு, எனக்கு ஒரு பங்குன்னு இருந்தாக்கூடப் பரவாயில்ல. அதுக்குக் கிழங்கு வேணும், மரத்தையே சாய்ச்சிட்டுப் போயிரும். அதுக்காகத்தான் அந்தக் காலத்துல அப்பாவுக்குப் பயிர்ப் பாதுகாப்புன்னு லைசென்ஸ் கொடுத்தாங்க. ஒத்தைக்குழல் துப்பாக்கி. ஆனா பன்னியைச் சுட்டா வனத்துறை கேஸ் போட்டுரும், சத்தம் மட்டும் காட்டிக்கணும். சரி, சத்தம் காட்டுவோம். நமக்கென்ன.

இதுல தேர்தல் வேற. தேர்தல் அறிவிச்சாப் போதும், துப்பாக்கியைக் கொண்டாந்து ஸ்டேஷன்ல ஒப்படைன்னு ஆள் வந்துரும். சட்டமன்றத் தேர்தல், பாராளுமன்றத் தேர்தல், பஞ்சாயத்துத் தேர்தல், நடுவுல யாராவது செத்துப்போனா இடைத்தேர்தல். நம்ம ஜனநாயகத்துல அந்தத் துப்பாக்கி என் வீட்டுல இருந்ததைவிட ஸ்டேஷன்ல இருந்ததுதான் அதிகம். ஓட்டு எண்ணி முடிக்கிற வரைக்கும் பன்னிக்குக் கொண்டாட்டம். எங்க ஊர்ல ஒவ்வொரு தேர்தல்லயும் ஜெயிக்கிறது பன்னிதான்.

ஆனா கவர்மெண்ட் சட்டத்தைக்கூட நான் பொறுத்துக்குவேன் தம்பி. அதுல அங்கங்க ஓட்டை உண்டு, ஒரு மனுஷன் மூச்சு விடலாம். காந்திமதி போட்ட சட்டத்துல ஓட்டையே கிடையாது.

துப்பாக்கி ஹால்ல செவத்துல தொங்கும். ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வச்ச அடையாளம் அடுத்த ஆயுத பூஜை வரைக்கும் இருக்கும். யாரு வந்தாலும் முதல்ல அதைத்தான் பார்ப்பாங்க. ஆனா தோட்டா? தோட்டா அவளோட தையல் மிஷின் டிராயர்ல. டிராயருக்குப் பூட்டு. சாவி அவ தாலிக்கொடியில ஊக்குல. எனக்குத் தோட்டா வேணும்னா நான் போய்க் கேட்கணும். கேட்டா உடனே கொடுத்துருவாளா? விசாரிப்பா. "எதுக்கு?" "பன்னி வந்திருக்கு." "நீங்க பார்த்தீங்களா, இல்ல யாராவது சொன்னாங்களா?" "சத்தம் கேட்டுச்சு." "பக்கத்துத் தோட்டத்துக்காரன்கூட இன்னைக்கு ஏதும் பேச்சு வார்த்தை உண்டா?" "இல்ல." "கோவமா இருக்கீங்களா?" "இப்ப நீ கேட்கக் கேட்கத்தான் கோவம் வருது." "அப்ப நாளைக்குப் பார்ப்போம்."

போச்சு. கோவமா இருந்தாக் கிடையாது. ரெண்டு கிளாஸ் போட்டிருந்தாக் கிடையாது. என் தம்பி வீட்டு ஆளுங்க வந்திருந்தாக் கிடையவே கிடையாது. இந்தக் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி முடிக்கிறதுக்குள்ள பன்னி சாப்பிட்டுக் கை கழுவிட்டுப் போயிரும். ஒரு குடிமகனோட உரிமை இப்படித் தையல் மிஷின் டிராயர்ல கிடந்துச்சு தம்பி, இத்தனை வருஷமா.

அதையும் பொறுத்துக்கிட்டேன். ஒரே பொண்ணு, அபிநயா, அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தப்பதான் வம்பு வந்துச்சு. பார்த்ததுன்னா, அவளே பார்த்துக்கிட்டா. பையன் வத்தலக்குண்டு. நல்ல பையன். அவங்க அப்பா பூவராகன், கால்நடை ஆய்வாளரா இருந்து ரிட்டயர்டு ஆனவர். சொந்த ஊரு சிதம்பரத்துக்குப் பக்கம், வேலைக்கு வந்து இங்கயே தங்கிட்டார். பூவராகன்னா வராகம். பேருலயே பன்னி இருக்கு. அதை முதல் நாளே நான் சொல்லி, காந்திமதி என் தொடையில கிள்ளினா.

பூ வைக்க வந்தாங்க. மனுஷன் உள்ள நுழைஞ்சு சோபாவுல உட்கார்ந்து, தலையை நிமிர்த்திச் செவத்தைப் பார்த்தார். பொசுக்குன்னு எந்திரிச்சு நாற்காலிக்குப் போனார். அங்க இருந்து பார்த்தா குழல் அவர் பக்கமே திரும்பியிருக்கு. அந்தக் கோடி நாற்காலிக்குப் போனார். கடைசியில கேசரித் தட்டை எடுத்துக்கிட்டு வாசப்படியில போய் நின்னுக்கிட்டு, "சம்பந்தி, அதுல குண்டு இருக்கா?"ன்னார்.

"குண்டு இல்லேன்னா அதுக்குப் பேரு தடி சம்பந்தி"ன்னேன். கௌரவமாச் சொன்னேன். தையல் மிஷின் சமாச்சாரத்தை எல்லாம் வெளியாள்கிட்டச் சொல்ல முடியுமா?

"குடும்பம் இருக்கிற வீட்டுல எதுக்குங்க இது?"

"விவசாயி சம்பந்தி. என் நிலத்தை நான் காப்பாத்திக்கிற உரிமை."

"உரிமைதான். பக்கத்து வீட்டுக்காரனுக்கும் அந்த உரிமை உண்டுல்ல? அவனும் ஒண்ணு வாங்கி மாட்டினா?"

"மாட்டட்டும்! ரெண்டு பேர்கிட்டயும் இருந்தா ஒருத்தரை ஒருத்தர் மதிப்போம். அமெரிக்காவைப் பாருங்க, கடையில காய் வாங்குற மாதிரி வாங்குறாங்க."

"நானும் அமெரிக்காவைத்தான் சம்பந்தி சொல்ல வர்றேன்"னார் அவர்.

அதோட விட்டாரா? மாட்டுக் கதை சொல்ல ஆரம்பிச்சார். எங்கயோ பன்னிக்குன்னு வச்ச குறி தப்பி, சினை மாட்டு வயித்துல பாஞ்சிருச்சாம். இவர்தான் போய்ப் பார்த்தாராம். ஈயக் குண்டை ஒண்ணொண்ணா எடுத்தாராம், மாடு இவரையே பார்த்துக்கிட்டு இருந்துச்சாம். "சுட்டவன் கெட்டவன் இல்ல சம்பந்தி. உங்களை மாதிரி நல்ல மனுஷன்தான். மாட்டுக் கழுத்தைக் கட்டிப் பிடிச்சு அழுதான். கோவமோ பயமோ ஒரு நிமிஷத்துல போயிரும். போன குண்டைத் திருப்பிக் கூப்பிட முடியுமா?"ன்னு சொல்லும்போது மனுஷனுக்குக் குரலே மாறிப்போச்சு. எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. ஆனா வாதம்னு வந்துட்டா விட்டுக்கொடுக்க முடியாதுல்ல? "அவனுக்குக் குறி பார்க்கத் தெரியல சம்பந்தி"ன்னேன்.

அவர் கேசரித் தட்டை அப்படியே கீழ வச்சார். "துப்பாக்கி இருக்கிற வீட்டுல சம்பந்தம் வேண்டாம். நாளைக்கு என் பேரப்பிள்ளை இங்க தவழும்"னு சொல்லிட்டுக் கிளம்பிட்டார். பூ வைக்காமலே.

அபிநயா என்கிட்டப் பேசல. சாப்பாடு போடுவா, பேச மாட்டா. ஒரு நாள் மட்டும் கேட்டா: "அப்பா, நான் அந்த வீட்டுக்குப் போகணுமா, அது இந்த வீட்டுல தொங்கணுமா?" "ரெண்டும்"னேன். எந்திரிச்சுப் போயிட்டா. ரெண்டும்னு சொன்னதுல என்ன தப்பு? அவளை நான் விட்டுக்கொடுக்கலையே.

காந்திமதிதான் போன்ல பேசிப் பேசி, "அண்ணே, இன்னொரு தடவை வாங்க, உட்கார்ந்து பேசுவோம்"னு சம்பந்தியை வரவழைச்சா. அவர் மட்டும் தனியா பஸ் ஏறி வந்தார். அன்னைக்குச் சாயங்காலம் நடந்ததுதான் தம்பி இப்ப நாம உட்கார்ந்திருக்கிற பெஞ்சு வரைக்கும் வந்திருக்கு.

எங்க வீட்டுல போன் சிக்னல் கிடையாது. தோட்டத்து உச்சியில கல்மேடை கட்டி, கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி வச்சிருக்கோம், தண்ணித் தொட்டி. அந்த மேடைகிட்டப் போனாத்தான் செல்லுல பேச முடியும். வீட்டுல லேண்ட்லைன் இருக்கு, ஆனா அது ஹால்ல, எங்க காதுபட அவர் எப்படிப் பேசுவார்? காப்பி குடிச்சிட்டு, அவங்க வீட்டுக்குப் பேசணும்னு மேல கிளம்பினார். "பொழுது சாயுது சம்பந்தி, பன்னி வரும், நான் கூட வர்றேன்"னேன். "ஆயுசு முழுக்க மிருகங்களோட இருந்தவன் நான். நாம பயந்தாத்தான் அதுக பயப்படும்"னு சொல்லிட்டுக் கையை வீசிக்கிட்டுப் போனார்.

கொஞ்ச நேரத்துல வீட்டு போன் அடிச்சுது. எடுத்தேன்.

"சம்பந்தி..." குசுகுசுன்னு ஒரு குரல். "குட்டியோட வந்திருக்கு. நான் தொட்டி மேல உட்கார்ந்திருக்கேன். ஏணியைத் தள்ளிவிட்டுருச்சு."

"ஒண்ணும் பண்ணாது சம்பந்தி. நாம பயந்தாத்தான்..."

"யோவ், துப்பாக்கியை எடுத்துக்கிட்டு வாய்யா!"

தம்பி, நான் பொய் சொல்ல மாட்டேன். அந்த மாதிரி ஒரு சந்தோஷம் என் வாழ்க்கையில, அபிநயா பிறந்தன்னைக்கு வந்துச்சு, அப்புறம் அன்னைக்குத்தான். "சரியாக் கேட்கல, என்ன எடுத்துக்கிட்டு வரணும்?"னேன். "துப்பாக்கி!" "எது?" "துப்பாக்கி, துப்பாக்கி!" போனைக் காந்திமதி காதுகிட்டப் பிடிச்சேன். "கேட்டுக்க. யாரு கேட்கிறான்னு கேட்டுக்க."

செவத்துல இருந்து துப்பாக்கியை எடுத்தேன். "தோட்டா கொண்டா."

"கோவமா இருக்கீங்களா?"

"இல்ல. சந்தோஷமா இருக்கேன்!"

என்னை ஏற இறங்கப் பார்த்தா. "அது அதைவிட மோசம்"னா. சத்தியமாச் சொல்றேன் தம்பி, அவர் அங்க தொட்டி மேல குந்தியிருக்காரு, இவ இங்க எனக்கு முகக்குறி பார்த்துக்கிட்டு நிக்கிறா. "ரெண்டு கரண்டியும் தட்டும் எடுத்துட்டுப் போய்த் தட்டுவோம், ஓடிரும்"ங்கிறா. "விருந்தாளி வாயைத் திறந்து கேட்டிருக்காரு, தட்டை எடுத்துக்கிட்டா போறது?"னு சத்தம் போட்டேன். கடைசியில ஊக்கைக் கழட்டி டிராயரைத் திறந்து ஒரே ஒரு தோட்டா கொடுத்தா. "வானத்தைப் பார்த்து மட்டும்தான்"னா.

நான் வானத்தைப் பார்த்துத்தான் சுட்டேன் தம்பி. இதை போலீஸ்கிட்டயும் சொன்னேன், உங்ககிட்டயும் சொல்றேன். மேட்டுல ஓடிப் போறேன், ஈரக் காப்பி இலை சறுக்கிருச்சு, கால் போச்சு. அப்ப குழல் வானத்தைத்தான் பார்த்துச்சு. ஆனா வானத்துக்கும் எனக்கும் நடுவுல தொட்டி இருந்துச்சு.

டமார்னு ஒரு சத்தம். அப்புறம் ஒண்ணுமே இல்ல. குருவி சத்தம்கூட இல்ல. "சம்பந்தி"ன்னு கூப்பிட்டேன். பதில் இல்ல. இன்னொரு தடவை கூப்பிட்டேன், எனக்கே என் குரல் கேட்கல. அந்த மாட்டுக் கதை அப்படியே கண்ணு முன்னாடி வந்துச்சு. அப்படியே உட்கார்ந்துட்டேன். அபிநயாவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன், இதுதான் தம்பி மனசுல ஓடுச்சு.

அப்ப மேல இருந்து, "இருக்கேன்... இருக்கேன்யா... கீழ என்ன தண்ணி சத்தம்?"னு கேட்டுச்சு.

ஒரு தோட்டாவுக்குள்ள அத்தனை ஈயக் குண்டு, தொட்டி பூவாளியாப் போயிருந்துச்சு. அத்தனை ஓட்டையில இருந்தும் தண்ணி சும்மா மழை மாதிரிக் கொட்டுது. பன்னி ஓடியிருக்கணும்ல? சத்தத்துக்கு ஓடத்தான் செஞ்சுது. ரெண்டு எட்டு ஓடிச்சு. தண்ணியைப் பார்த்துச்சு. திரும்பி வந்துச்சு. மேடைக்குக் கீழ எல்லாம் நல்ல செம்மண். அது நனைஞ்சு சேறானதும் தாய்ப் பன்னி முதல்ல படுத்துப் புரண்டுச்சு. அப்புறம் குட்டிங்க. அப்புறம் நான் இதுவரைக்கும் பார்க்காத பன்னியெல்லாம் காட்டுக்குள்ள இருந்து வந்துச்சு. கல்யாண வீடு மாதிரி ஆயிப்போச்சு. மேல சம்பந்தி, நடுவுல மழை, கீழ பன்னிங்க குளிக்குது. இன்னொரு தோட்டா கேட்கலாம்னா வீட்டுக்குப் போய் முதல்ல இருந்து விசாரணை ஆரம்பிக்கணும்.

"சம்பந்தி, சுட்டது போதும்"னு மேல இருந்து குரல் வேற.

அப்பத்தான் அபிநயா வந்தா. ஜீப்பை எடுத்துக்கிட்டு மேட்டுல வந்தா. நேரா வரல, ரிவர்ஸ்ல வந்தா. எங்க ஜீப்புல ரிவர்ஸ் போட்டா ஒரு மியூசிக் வரும், கேட்டிருப்பீங்க, பொம்மை பியானோ மாதிரி, கொடுமையா இருக்கும். அதோட பின்னாடியே வந்துக்கிட்டே இருந்தா. வெடிச்சத்தத்துக்குப் பயப்படாத பன்னிங்க தம்பி, அந்த மியூசிக்கைக் கேட்டுட்டுக் குட்டியைக்கூடத் திரும்பிப் பார்க்காம காட்டுக்குள்ள ஓடிருச்சுங்க. குட்டிங்க பின்னாடியே போச்சு. சம்பந்தி தொட்டியில இருந்து நேரா ஜீப் மேல இறங்கி, "அம்மாடி, நீதாம்மா என் மருமக"ன்னார். அந்த இடத்துலயே சம்பந்தம் முடிஞ்சுபோச்சு. யாரால முடிஞ்சுது? சுட்டது யாரு? அதை யாரும் யோசிக்கல.

ராத்திரி சம்பந்தி நம்ம வீட்டுலயே தங்கிட்டார். மறுநாள் சப்-இன்ஸ்பெக்டர் வந்துட்டார். பக்கத்துத் தோட்டத்துக்காரன் சொல்லியிருக்கான்.

"எதைச் சுட்டீங்க?"

"தொட்டியைச் சார்."

"தொட்டி உங்களை என்ன பண்ணுச்சு?"

லைசென்ஸை ரத்து பண்ணிக் கேஸ் போடுவேன்னு நிக்கிறார். அப்ப சம்பந்தி எந்திரிச்சார். துப்பாக்கியே ஆகாதுன்னு சொன்ன மனுஷன்! "சார், நான்தான் கூப்பிட்டேன். என் உயிரைக் காப்பாத்தத்தான் வந்தார். அவரு குறி வைக்கவே இல்ல, அதுக்கு நான் சாட்சி. குறி வச்சிருந்தா இப்படி நடந்திருக்காது"ன்னார். எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. கையைப் பிடிச்சுக்கிட்டேன்.

கையை விடாமலே அவர் சப்-இன்ஸ்பெக்டர்கிட்ட, "ஆனா சார், துப்பாக்கி இருக்கிறதுகூட இப்ப எனக்குப் பெரிசாத் தெரியல. அது இவர் கையில இருக்கக் கூடாது"ன்னார்.

"யார் கையில இருக்கலாம்?"

ரெண்டு பேரும் ஒரே நேரத்துல காந்திமதியைப் பார்த்தாங்க. அவ எல்லாருக்கும் காப்பி ஊத்திக்கிட்டு இருந்தா. "ஏம்மா, இந்தத் துப்பாக்கிக்குத் தோட்டா யாரு கொடுக்கிறது?"ன்னார் சப்-இன்ஸ்பெக்டர். சொன்னா. எல்லாக் கேள்வியையும் வரிசையாச் சொன்னா. அவர் தொப்பியைக் கழட்டி மடியில வச்சுக்கிட்டு, "எங்க டிபார்ட்மெண்ட்லகூட இவ்வளவு கேட்க மாட்டோம்"னார். துப்பாக்கியை ஸ்டேஷனுக்கு எடுத்துட்டுப் போயிட்டார். லைசென்ஸ் காந்திமதி பேருக்கு மாறினாத்தான் திரும்ப வரும், இது அவர். அது மாறினாத்தான் தை மாசம் கல்யாணம், இது சம்பந்தி. ரெண்டு பக்கமும் கட்டிப் போட்டாச்சு.

இப்ப சொல்லுங்க, அநியாயமா இல்லையா? சிரிக்காதீங்க தம்பி.

இருங்க, கதவு திறக்குது. காந்திமதிதான். ஏ, காந்தி, இங்க. என்ன சொன்னாரு? முகத்தைப் பார்த்தா ஒண்ணும் தெரியலையே. இவரு நம்ம ஆளுதான், சும்மா சொல்லு.

"எதுக்கும்மா உங்களுக்குத் துப்பாக்கி"ன்னு கேட்டாராமா? நீ என்ன சொன்னே?

"எனக்கு வேண்டாம் சார். ஆனா செவத்துல அது இல்லாததுல இருந்து எங்க வீட்டுக்காரரு சரியாச் சாப்பிடுறது இல்ல"ன்னியா? இதையா சொன்னே, ஒரு பெரிய அதிகாரிகிட்ட? நான் நல்லாத்தானே சாப்பிடுறேன்... சரி, நேத்து ஒரு நாள் சாப்பிடல. அதுக்கு அவரு?

"தோட்டா எத்தனை வேணும்"னு கேட்டாரா. ம்.

"ஒண்ணுகூட வேண்டாம்"னியா.

ஒண்ணுகூடவா?

அவரு என்ன சொன்னாரு? "சரி, பரிந்துரை பண்றேன்"னாரா! அப்ப வந்துரும்! கேட்டீங்களா தம்பி? துப்பாக்கி வீட்டுக்கு வருது! தோட்டா கெடக்கு விடுங்க, அது எப்பவும் நம்ம கைக்கு வந்தது இல்ல. துப்பாக்கி வருது, அதுதானே பேச்சு! நான் சொல்லல, உரிமை உரிமைதான்னு? காந்தி, அந்த போனைக் கொடு. சம்பந்திகிட்ட இப்பவே சொல்லணும்.

ஹலோ, சம்பந்தி? நான்தான். முடிஞ்சுது. துப்பாக்கி வீட்டுக்கு வருது, தோட்டா இல்லாம. ஆமா. ஆமா சம்பந்தி, நான் ஜெயிச்சுட்டேன்! என்னது? என்ன சொல்றீங்க?

தம்பி, இந்த அநியாயத்தைக் கேளுங்க. "இல்ல, நான்தான் ஜெயிச்சேன்"ங்கிறார். பாவம், மனுஷனுக்குத் தோத்தது கூடத் தெரியல.